தோட்டத்தில் ஒரு பெரியவருக்கு நினைவு ஆராதனை: ஏற்பாடும் பிரசங்கமும்

தேயிலைத் தோட்டத்து லயத்துப் (வரிசை வீட்டு) பிள்ளைகளை மாலை வகுப்பில் உட்கார வைத்த ஆசிரியர், சுகமில்லாத வீடுகளுக்கு நடந்தே போய் ஜெபித்த உபதேசியார், சண்டை வந்தால் இரண்டு பக்கமும் தேடிப்போன அக்கா. இப்படி ஒருவர் மறைந்தால், நினைவு ஆராதனைக்கு வருகிறவர்களில் பலர் இந்துக்களாக இருப்பார்கள்; சிங்கள, முஸ்லிம் அயலவர்களும் இருப்பார்கள். அவர்கள் வருவது அவருக்காக, பிரசங்கம் கேட்க அல்ல. இதை மனதில் வைத்தே ஒவ்வொன்றையும் தீர்மானியுங்கள். இலங்கை மலையகத்தில் 1854இல் தோட்டத் தொழிலாளருக்கான கிறிஸ்தவ ஊழியமாகத் தமிழ் கூலி மிஷன் தொடங்கியபோதும் தோட்டம் தோட்டமாக நடந்தவர்கள் உபதேசியார்கள்தான். ஆளை நம்பிய பிறகுதான் சனம் அவர் வார்த்தைக்குக் காது கொடுக்கும்.

இறந்த 31ஆம் நாள் நினைவைக் குடும்பத்துக்கு விட்டுவிடுங்கள். ஊர் கூடும் ஆராதனையை இரண்டு மூன்று மாதம் கழித்து வைப்பது நல்லது. அவரைப் பற்றி ஊரார் சொல்லும் சாட்சிகளைச் சேகரிக்க அவ்வளவு காலம் வேண்டும். ஹட்டன், நுவரெலியாப் பக்கம் மே நடுவிலிருந்து செப்டெம்பர் வரையும், பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரையும் மழைக்காலம். பிப்ரவரி, மார்ச் இரு பக்கத்துக்கும் ஓரளவு தோது. ஆனால் மாசியில் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்துத் திருவிழா வரும். கோயில் கமிட்டித் தலைவரிடம் திருவிழாத் தேதியைக் கேட்காமல் நாள் குறிக்காதீர்கள். போயா (பௌர்ணமி) நாள் விடுமுறைதான் என்றாலும் வேண்டாம். அன்று பன்சலையில் (பௌத்த விகாரையில்) சில் எடுப்பார்கள் (விரதம் இருப்பார்கள்), நமது ஒலிபெருக்கி அதற்கு இடைஞ்சல். ஞாயிறு பிற்பகல் 2.30க்குத் தொடங்கி 4.00க்கு முடியுங்கள். கொழுந்து அதிகமாக வரும் பருவத்தில் ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்குப் (அன்றே காசு வாங்கும் கொழுந்து வேலைக்கு) போவார்கள், அதையும் விசாரியுங்கள். நேரம் தாண்டினால் பனிமூட்டம் இறங்கும். மேல் டிவிசன்காரர்கள் (தோட்டத்தின் மேல் பிரிவில் இருப்பவர்கள்) கடைசிப் பாட்டுக்கு முன்பே எழுந்துவிடுவார்கள், கைக்குழந்தைக்காரிகள் அதற்கும் முன்பே.

மைதானமோ பிள்ளை மடுவமோ (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமோ) என்றால் தோட்டக் காரியாலயத்தில் எழுத்தில் அனுமதி கேளுங்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும், ஒரு வாரம் முன்பே போங்கள். குழாய் ஒலிபெருக்கியை மரத்தில் கட்டினால் சத்தம் எதிர் மலையில் மோதித் திரும்பி, பக்கத்தில் இருப்பவருக்கே சொல் புரியாது. இரண்டு பெட்டி ஸ்பீக்கர்களைக் கூட்டத்தை நோக்கி வைத்தால் போதும். புல்தரை என்றால் இரத்தம் உறிஞ்சும் அட்டை இருக்கும்; முதல் நாளே புல்லை வெட்டி, வயதானவர்களுக்குத் தகரப் பந்தலுக்குள் கதிரை போடுங்கள்.

கத்தோலிக்க உறவினரும் புரொட்டஸ்தாந்து உறவினரும் கலந்த குடும்பம் என்றால், இறந்தவருக்காக ஜெபிப்பதா, அவருடைய வாழ்வுக்காக நன்றி செலுத்துவதா என்பதை முன்கூட்டியே பேசி முடியுங்கள். மைக்கைப் பிடித்தபடி தீர்க்கிற விஷயம் இல்லை அது.

அதிக உழைப்பு கேட்பது சாட்சிகள்தான். வீடு வீடாகப் போய், “அவர் நல்லவரா?” என்று கேட்காமல், “உங்களுக்கு என்ன செய்தார், எங்கே, எப்போது?” என்று கேளுங்கள். நல்லவர் என்ற பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மழையில் வந்து சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தார் என்றால் அவர் கண்முன் வந்து நிற்பார். கேட்டதை இன்னொருவரிடம் சரிபாருங்கள். கடன், குடி, குடும்பத் தகராறு சம்பந்தப்பட்டதை அந்தக் குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் சொல்லவே கூடாது. மேடைக்கு மூன்று பேர் போதும்: அவரிடம் படித்த பிள்ளை ஒருவர், வேறு மதத்து அயலவர் ஒருவர், வீட்டார் ஒருவர். ஆளுக்கு மூன்று நிமிடம். எழுதி வந்து வாசிக்கட்டும். வேறு மதத்தவர் தன் சொந்த வார்த்தையிலேயே பேசட்டும், அதைத் திருத்தாதீர்கள். தொழிற்சங்கத் தலைவர்களும் அரசியல்வாதிகளும் வந்தால் தொடக்கத்திலேயே இரண்டு நிமிடம் கொடுத்துவிடுங்கள். கடைசிக்கு வைத்தால் பொன்னாடையும் பேச்சுமாகப் பிரசங்க நேரம் போய்விடும்.

பிரசங்கம் 15 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். எபிரெயர் 13:7 நேராகப் பொருந்தும்: நடத்தினவர்களை நினைத்து, அவர்களுடைய விசுவாசத்தைப் பின்பற்றச் சொல்கிற வசனம். பெண் என்றால் அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரத்துத் தொற்காளை எடுங்கள். அவள் தைத்துக் கொடுத்த உடைகளை விதவைகள் அழுதுகொண்டே பேதுருவுக்குக் காட்டுகிறார்கள். நீங்கள் சேகரித்த சாட்சிகளும் அப்படிப்பட்டவைதான். மூன்று நிமிடம் வசனம், ஐந்து நிமிடம் அவருடைய வாழ்க்கை, மிச்சம் கிறிஸ்து. இவர் இப்படி வாழப் பலம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான் இரண்டையும் இணைக்கும் பாலம். அவருடைய குறை ஊருக்குத் தெரியும், ஆகவே அவரைப் புனிதராக்காதீர்கள். கிருபை தேவைப்பட்ட மனிதராகச் சொன்னால் கேட்பவனுக்கும் இடம் கிடைக்கும்.

கெடுப்பவை இரண்டு. ஒன்று, “அவர் பரலோகத்தில் இருக்கிறார், நீங்கள் எங்கே போவீர்கள்?” என்று துக்கத்தில் இருப்பவர்களைப் பயமுறுத்துவது. மற்றது, சாமி கும்பிடுவதைக் குறை சொல்வது. ஆளைக் கைதூக்கச் சொல்வதும் அன்று வேண்டாம். பக்கத்துவீட்டார் பார்க்கத் தூக்கிய கை திங்கட்கிழமை பெரட்டில் (காலை வேலைக்கு ஆள் கூடும் இடத்தில்) கேலிக்கு ஆளாகும். “மேலும் பேச விரும்பினால் வியாழன் மாலை ஆலயத்தில் இருப்போம்” என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். சிங்கள அயலவருக்கு இரண்டு நிமிடச் சுருக்கத்தைச் சிங்களம் நன்றாகத் தெரிந்தவர் சொல்லட்டும்.

150 பேருக்கு இஞ்சி பிளேன்டிக்கு (பால் சேராத தேநீருக்கு) 23 லீட்டர் தண்ணீர், 300 கிராம் தேயிலை, ஒன்றரைக் கிலோ சீனி. கடலைச் சுண்டலுக்கு 6 கிலோ காய்ந்த கடலை, முதல் நாள் இரவே ஊறப்போடுங்கள். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகை செல்சியஸிலேயே கொதிப்பதால் கடலை வேக அதிக நேரம் பிடிக்கும். மாமிசம் வேண்டாம், எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம்.

அவர் பெயரில் கொப்பி, புத்தகம் கொடுப்பதானால் டிவிசனில் அந்த வகுப்பில் படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள். ஆலயத்துக்கு வருவதை நிபந்தனையாக்கவே கூடாது. இலங்கை அரசியலமைப்பின் 14(1)(உ) உறுப்புரை மதத்தைப் போதிக்கும் சுதந்திரத்தைத் தருகிறது. ஆனாலும் கட்டாய மதமாற்றத்துக்கு எதிரான சட்டமூலம் 2004இல் நாடாளுமன்றம் வரை போனதற்கு, உதவியைக் காட்டி ஆள் சேர்க்கிறார்கள் என்ற சந்தேகமும் ஒரு காரணம். பொருளை ஆராதனை அன்று கொடுக்காமல் வேறொரு நாளில் பாடசாலை வழியாகக் கொடுங்கள்.

முடிந்த பிறகு, மேடைக்கு வராத சாட்சிகளையும் சேர்த்து ஒரு கொப்பியில் சுத்தமாக எழுதி, சொன்னவர் பெயரோடு வீட்டாரிடம் ஒப்படையுங்கள். வியாழக்கிழமை யாரும் வராவிட்டாலும் ஆலயக் கதவைச் சொன்ன நேரத்துக்குத் திறந்து வையுங்கள். அடுத்த வாரமும் அப்படியே செய்யுங்கள்.