படிவம் 26: வேட்பாளரை எடைபோட எந்தப் பத்தியைப் பார்ப்பது?
பெங்களூரின் அல்சூர், சிவாஜிநகர் பக்கம் ஓட்டுக் கேட்பது தமிழிலும் நடக்கும். ஆனால் வேட்பாளர் வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரம், அதாவது படிவம் 26, பெரும்பாலும் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோதான். பரவாயில்லை, பத்தி எண்கள் மாறாது. தேர்தல் ஆணைய இணையதளத்தில் இறக்கிக்கொள்ளுங்கள். கடைசிச் சுருக்கத்தை மட்டும் படித்தால் ஏமாறுவீர்கள்.

5-ஆம் பத்தியில் நிலுவையிலுள்ள குற்ற வழக்குகள். எண்ணிக்கையை விடச் சட்டப்பிரிவைப் பாருங்கள். மறியலும் மோசடியும் ஒன்றா என்ன? நீதிமன்றம் குற்றச்சாட்டைப் பதிவு செய்துவிட்டதா என்ற வரி முக்கியம்.

7-இல் சொத்து. போன தேர்தலில் தந்த பத்திரத்தைப் பக்கத்தில் வையுங்கள். பழைய மனை விலை ஏறியதைப் புதுச் சொத்தாக எண்ணிவிடுவதுதான் வழக்கமான தவறு. வாங்கிய தேதியும் அன்றைய விலையும் அங்கேயே இருக்கும். புதிதாக வாங்கியதை 4-இல் உள்ள ஐந்தாண்டு வருமானத்தோடு பொருத்துங்கள்.

8-இல் கடனும் அரசுப் பாக்கியும்.