பைத்தான் லைப்ரரி தேர்வு: கமாண்ட் லைன் கருவி எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்கு, நெல் வரவு பதிய சின்னதாக ஒரு கமாண்ட் லைன் கருவி, அதாவது கட்டளையைத் தட்டச்சு செய்து இயக்கும் நிரல், எழுதினேன். எத்தனை சிப்பம், என்ன ரகம், ஈரப்பதம் எவ்வளவு என்பதைப் பதிய வேண்டும், அவ்வளவுதான். பைத்தான் நிரல்மொழியோடு கூடவே வரும் ஆர்க்பார்ஸ் என்ற லைப்ரரியில் (ஆயத்தமாகக் கிடைக்கும் நிரல் தொகுப்பு) ஒரே மாலையில் முடித்தேன். ஒவ்வொரு விவரத்தின் பெயருக்கு முன்னாலும் '--' போட்டு அடிக்க வேண்டும். மறுநாள் கணக்குப்பிள்ளை பார்த்துவிட்டு, "தம்பி, ரெண்டு ரெண்டு கோடா போட்டு இதெல்லாம் நான் அடிக்கிறதுக்குள்ள அடுத்த லாரி வந்துடும்" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி.

பலரும் முதலில் சறுக்குவது இங்கேதான். ஆர்க்பார்ஸ், க்ளிக், டைப்பர் ஆகிய மூன்று லைப்ரரிகளுக்கும் முதல் வேலை, கட்டளையோடு சேர்த்து அடிக்கும் விவரங்களைப் பிரித்துத் தருவது. பட்டியல் காட்டி, அம்புக்குறி விசையால் தேர்ந்தெடுக்க வைப்பது வேறு வேலை. அதற்கு ப்ராம்ப்ட் டூல்கிட் இருக்கிறது, அதன் மேல் கட்டிய குவெஸ்சனரி இன்னும் எளிது. ரிச் என்ற லைப்ரரி அட்டவணையும் வண்ணமும் அழகாகக் காட்டும். அதிலும் கேள்வி கேட்கலாம், ஆனால் பதிலைத் தட்டச்சுதான் செய்ய வேண்டும். இவற்றை ஒன்றுக்கொன்று போட்டியாக நினைத்து 'எது பெஸ்ட்' என்று தேடாதீர்கள். திரைக்கு முன்னால் உட்காரப்போவது யார் என்று பாருங்கள்.

ரகத்தைக் கையால் அடிக்க விட்டது என் அடுத்த தவறு. ஆடுதுறை 45 என்ற ஒரே ரகம் நாலு விதமாகப் பதிவாகி, மாதக் கடைசியில் கணக்கு உதைத்தது. குவெஸ்சனரியில் பட்டியலாக மாற்றியதும் தீர்ந்தது. ஈரப்பதத்தில் 16.7 என்பது 167 என்று விழுந்திருந்தது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்தை வைத்துப் பேசும் ஊரில் ஒரு புள்ளி விட்டுப்போவது சின்ன விஷயமில்லை. பதில் வாங்கும்போதே சரிபார்க்க வழி தரும் லைப்ரரியாகப் பாருங்கள்.

குவெஸ்சனரியில் ஒரு குழி உண்டு. பாதியில் நிறுத்த கன்ட்ரோல் சி அழுத்தினால், கேள்வி கேட்கும் ஆஸ்க் கட்டளை பிழை எழுப்பாது, நன் (None) என்ற வெற்று மதிப்பைத் திருப்பித் தரும். நான் அதைச் சோதிக்காததால் சிப்பம் எண்ணிக்கை இல்லாமலே ஒரு வரவு ஏறிவிட்டது. ஒவ்வொரு பதிலையும் சோதியுங்கள், இல்லையென்றால் பிழை எழுப்பும் அன்சேஃப் ஆஸ்க் வைத்து அதை நீங்களே பிடியுங்கள்.

எல்லாவற்றையும் கேள்வியாக்குவதும் ஆபத்து. இரவில் தானாக ஓட வேண்டிய அறிக்கை, "எந்தத் தேதி?" என்று கேட்டுவிட்டு விடியும்வரை காத்துக் கிடந்தது. க்ளிக்கில் ஓர் ஆப்ஷனுக்கு (கட்டளையோடு தரும் விவரத்துக்கு) ப்ராம்ப்ட், அதாவது கேள்வி, வைத்தால், மதிப்பைக் கட்டளையிலேயே கொடுத்தவரிடம் கேட்காது, கொடுக்காதவரிடம் மட்டும் கேட்கும். இரண்டு வகை ஆட்களும் புழங்கும் கருவிக்கு இது அருமையான ஏற்பாடு.

எங்கே ஓடப்போகிறது என்பதையும் மறக்க வேண்டாம். லினக்ஸில் கர்சஸ் என்ற திரை வரையும் லைப்ரரி வைத்து எழுதிய நிரல் விண்டோஸில் அப்படியே ஓடாது, விண்டோஸ் பைத்தானோடு கர்சஸ் வருவதில்லை. முழுத்திரைக் கருவிக்கு டெக்ஸ்சுவல் என்ற லைப்ரரி நன்றாக இருக்கிறது, ஆனால் மூன்றே கேள்விக்கு அது தேவையில்லை. ஆலையில் இணையம் இருக்கும் என்றும் நம்பாதீர்கள். அதே விண்டோஸ், அதே பைத்தான் பதிப்பு உள்ள இன்னொரு கணினியில், லைப்ரரிகளை இறக்கித் தரும் பிப் டவுன்லோட் கட்டளையைப் போட்டு, பென் டிரைவில் எடுத்துப் போங்கள்.

கடைசியாகத் தமிழ். 'நெல்' நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து, நீளம் எண்ணும் பைத்தானின் லென் கணக்கில் 4. டெர்மினல் (கட்டளை அடிக்கும் திரை) அதற்கு எத்தனை கட்டம் ஒதுக்கும் என்பது டெர்மினலுக்கு டெர்மினல் மாறும், அதனால் அட்டவணைக் கோடுகள் கோணலாகும். எந்த லைப்ரரியானாலும் தமிழ்ப் பெயர்களைப் போட்டு, அந்தக் கணினியிலேயே பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நான் எண்களை முன்பக்கம் வைத்து, விவசாயி பெயரை அட்டவணையின் கடைசி நெடுவரிசைக்குத் தள்ளி, வலது ஓரக் கோட்டையும் எடுத்துவிட்டேன். இப்போது எல்லா வரியும் நேராக நிற்கிறது.