நைட்ல நீலகிரி ஏற குரூப்பா கிளம்பறீங்களா? இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

நைட் டிரைவ்ல வர்ற பிரச்சனை முக்கால்வாசி கீழ பிளான் போடும்போதே ஆரம்பிச்சிருது. மலை அடிவாரத்துல இருக்கற கல்லாறு தாண்டி மலை ரோடு ஏற ஆரம்பிச்சுட்டா பத்து வண்டிய ஓரங்கட்டி பேச இடமும் கிடையாது, பல வளைவுல சிக்னலும் கிடையாது. அதனால ஏற்பாடு பண்றவர் எல்லாத்தையும் மேட்டுப்பாளையத்துலயே பேசி முடிச்சுட்டுதான் வண்டிய எடுக்கணும்.

முதல் தப்பு ரூட். ஊட்டி போய் கல்லட்டி மலைப்பாதைல எறங்கி மசினகுடி, முதுமலை, பந்திப்பூர், காலைல மைசூர்ல டிபன்னு மேப்ப பார்த்து பிளான் போடுவாங்க. பந்திப்பூர் ரோடு ராத்திரி 9 மணிலருந்து காலை 6 மணி வரைக்கும் மூடிருப்பாங்க, இது 2009-லருந்தே இருக்கு. கல்லட்டில 36 கொண்டை ஊசி வளைவு, வெளியூர் வண்டிய அந்த வழியா கீழ எறங்க விடமாட்டாங்க, ஏகப்பட்ட பேர் பிரேக் போய் விழுந்த ரோடு அது. சரி சத்தியமங்கலம் பக்கம் திம்பம் மலை ரோடு வழியா சுத்திக்கலாம்னா அங்கயும் 2022-லருந்து நைட்ல தடை. ஆக உங்களுக்கு இருக்கறது குன்னூர் ரோடும் கோத்தகிரி ரோடும்தான். அப்புறம் இ-பாஸ், அதாவது நீலகிரிக்குள்ள வண்டி வர்றதுக்கு ஆன்லைன்ல எடுக்கற அனுமதி, 2024 மே மாசத்துலருந்து கட்டாயம், ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியா எடுக்கணும், ஒருத்தர் மறந்தா செக்போஸ்ட்ல மொத்த குரூப்பும் நிக்கணும்.

அடுத்தது எல்லா வண்டியும் ஒட்டி ஒட்டி ஒரே வரிசையா போறது. வீடியோல பார்க்க சூப்பரா இருக்கும், ஆனா பின்னாடி வர்ற பஸ்ஸோ ஆம்புலன்ஸோ உங்கள தாண்டவே முடியாது. இதவிட பெரிய ஆபத்து யானை. கல்லாறு, பர்லியாறு பக்கமும் கோத்தகிரி ரோட்ல குஞ்சப்பனை பக்கமும் யானை ரோட்டுக்கு வரும், பலா பழுக்கற சீசன்ல குஞ்சப்பனைல கேக்கவே வேண்டாம். வளைவு திரும்பின உடனே முன்னாடி யானை நிக்குதுன்னு வைங்க, முதல் வண்டிக்கு இருக்கற ஒரே வழி மெதுவா ரிவர்ஸ் எடுக்கறதுதான், பின்னாடி ஒன்பது வண்டி பம்பரோட பம்பர் ஒட்டி நின்னா அவர் எங்க போவார்? ஹாரன் அடிக்காதீங்க, ஹைபீம் போட்டு மிரட்டாதீங்க, போன எடுத்துட்டு எறங்கவே எறங்காதீங்க. நாலு வண்டிக்கு மேல ஒரு செட்ல வேண்டாம், செட்டுக்கு செட்டு பத்து நிமிஷம் விட்டு அனுப்புங்க, புதுசா மலை ஓட்டறவர ரெண்டாவது வண்டியா போடுங்க, கடைசில போட்டா முன்னாடி போறவங்கள புடிக்கறதுக்காக அவர் தெரியாத வளைவுல வேகமா அடிப்பார்.

காட்டுமாடு இன்னொரு விஷயம். கருப்பு உடம்பு, இருட்டோட இருட்டா நிக்கும், தலைய திருப்பினாதான் கண்ணு மின்னும். ஒண்ணு கிராஸ் பண்ணுச்சுன்னா போயிருச்சேன்னு கிளம்பிடாதீங்க, பின்னாடி கூட்டமே வரும்.

மிஸ்ட்ல ஹைபீம் போட்டா வெளிச்சம் நம்ம கண்ணுலயே திரும்பி அடிக்கும். லோபீம், ஃபாக் லேம்ப் (பனிமூட்டத்துக்கான லைட்) போதும். ஓடும்போது ஹசார்ட் லைட் போடற பழக்கத்த தயவுசெஞ்சு விடுங்க, வண்டி நிக்குதா போகுதா, எந்தப் பக்கம் திரும்புதுன்னு பின்னாடி வர்றவருக்கு எதுவுமே புரியாது. கண்ணாடி உள்ள பனி படிஞ்சா துணிய எடுத்து துடைச்சுட்டே ஓட்டாதீங்க, ஏசிய போட்டு காத்த கண்ணாடி பக்கம் திருப்புங்க.

யார் எத்தன நிமிஷத்துல குன்னூர் ஏறுனாங்கன்னு குரூப்ல டைமிங் போடறது ஆரம்பிச்சுதுன்னா அன்னிக்கே நிறுத்துங்க. பொது ரோட்ல ரேஸ் விடறது மோட்டார் வாகன சட்டப்படி குற்றம், ஜெயில் வரைக்கும் போகும். ரோட்டோரமா எஸ்டேட் லைன் வீடுங்க இருக்கு, விடிஞ்சா தேயிலை பறிக்க போறவங்க தூங்கற நேரம் அது, அங்க சைலன்சர் சத்தம் கேக்கவே கூடாது.

எறங்கும்போது நியூட்ரல் போடாதீங்க, எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல எறங்குங்க, ஆட்டோமேட்டிக்னா மேனுவல் மோடுக்கோ L கியருக்கோ மாத்துங்க. பிரேக் கருகற வாசம் வந்தா அகலமான இடமா பார்த்து நிறுத்தி தானா ஆற விடுங்க, தண்ணி ஊத்தாதீங்க. ஏறி வர்ற வண்டிக்குதான் முதல்ல வழி, இது சட்டத்துலயே இருக்கு.

தூக்கத்த யாரும் கணக்குலயே எடுக்கறதில்ல. வெள்ளிக்கிழமை முழுக்க ஆபிஸ் போய்ட்டு அப்படியே ராத்திரி பதினோரு மணிக்கு கிளம்பறதுக்கு பதிலா, படுத்து எந்திரிச்சு மேட்டுப்பாளையத்துலருந்து நாலு மணிக்கு ஏறுங்க. ஊட்டி பக்கம் போகும்போது விடிய ஆரம்பிச்சிரும், நைட் டிரைவும் ஆச்சு. ஒரு வண்டிக்கு ஓட்டத் தெரிஞ்சவங்க ரெண்டு பேர் இல்லன்னா அந்த வண்டிய சேர்க்காதீங்க, மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டாலும் பரவால்ல. மேல போனதும் ரூம் போட்டு தூங்கிட்டு மதியத்துக்கு மேல எறங்குங்க. ஏப்ரல் மே சீசன்ல குன்னூர் வழியா ஏறி கோத்தகிரி வழியா எறங்கற மாதிரி ஒன்வே போடுவாங்க, கிளம்பறதுக்கு முன்னாடி அதையும் ஒரு தடவ கேட்டு வச்சுக்கோங்க.