ஜெர்மன் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளே, புரியாமல் தலையாட்டாதீர்கள்

ஜெர்மனியில் பள்ளி ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் தொடங்குகிறது. அதற்கு முன்னால், மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் இடம் கிடைத்த பிள்ளைகள் சிலர் பாளையங்கோட்டையில் என்னிடம் ஜெர்மன் படிக்க வருகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். ஆனால் போய்ச் சேர்ந்த பிறகு, மாணவியாக அங்கே இருந்தபோது நான் இடறிய அதே இடங்களில்தான் இவர்களும் இடறுகிறார்கள். உச்சரிப்புப் பிழை, எழுத்துப் பிழை பற்றி இங்கே சொல்லப்போவதில்லை. அவை பழகப் பழகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவை சில உண்டு.

புரியாமலே தலையாட்டுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான்.

நம் பக்கத்தில் ஆசிரியர் "புரிந்ததா?" என்று கேட்டால் வகுப்பே தலையாட்டும். புரியவில்லை என்று எழுந்து சொன்னால் ஆசிரியர் மனம் நோகுமோ, மற்றவர்கள் சிரிப்பார்களோ என்று பயந்தே வளர்கிறோம். அந்தப் பழக்கத்தைப் பெட்டியோடு கட்டி எடுத்துக்கொண்டு போகிறார்கள். அங்கே ஒருவர் "யா" (ஆமாம்) என்று சொல்லிவிட்டால், அதை அப்படியே நம்பி அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு இன்னொரு முறை சொல்லித் தருவார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி. வகுப்பு முழுவதும் வெளியூர் போக ஏற்பாடாகியிருந்தது. மறுநாள் காலை "ஹால்ப் ஆக்ட்" மணிக்குப் பள்ளி வாசலில் கூட வேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். ஆக்ட் என்றால் எட்டு, ஹால்ப் என்றால் அரை. எட்டரை என்று இவளாகவே கணக்குப் போட்டுக்கொண்டாள். அது ஏழரை மணி. எட்டை நோக்கிப் பாதி வந்தாயிற்று என்பது அவர்கள் கணக்கு. ஆசிரியை இவளைப் பார்த்துத் தனியாக வேறு கேட்டிருக்கிறார். இவள் "யா, யா" என்று தலையாட்டியிருக்கிறாள். எட்டே காலுக்கு இவள் போய் நின்றபோது பஸ் போய் வெகு நேரமாகிவிட்டது. அதற்குள் பள்ளியிலிருந்து அவள் தங்கியிருந்த வீட்டுக்குத் தொலைபேசி போய், அந்த வீட்டு அம்மா பதறிப்போயிருந்தார்.

ஒரு நாள் பயணம் போனதுகூடப் பெரிதில்லை. அதற்குப் பிறகு அந்த ஆசிரியை எதைச் சொன்னாலும் இவளுக்கு மட்டும் ஆங்கிலத்தில் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார். அக்கறையோடுதான் செய்தார். ஆனால் தினமும் கேட்டுப் பழகக் கிடைத்த ஜெர்மன் அந்த வகுப்பில் அன்றோடு நின்றது. பெற்றோர் கடன்பட்டு அனுப்பிய பிள்ளை, எதற்காகப் போனதோ அதையே இழந்தது ஒரு தலையாட்டலில். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறவில்லை.

நம் தலையாட்டலில் இன்னொரு சிக்கலும் உண்டு. மேலும் கீழும் ஆட்டாமல் பக்கவாட்டில் சாய்த்துச் சாய்த்து ஆட்டுகிறோமே, அது அவர்களுக்குச் சம்மதமா மறுப்பா என்றே தெரியாது. வாயைத் திறந்து சொல்லுங்கள்.

என்ன சொல்வது? "புரியவில்லை" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். சொன்னால் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். எந்தத் துண்டு புரியவில்லையோ அதை மட்டும் கேளுங்கள். நேரம் பிடிபடவில்லை என்றால் "வான்?", இடம் பிடிபடவில்லை என்றால் "வோ?". பதில் ஜெர்மனிலேயே வரும், அதுவும் சின்னதாக, மெதுவாக வரும். வந்த பதிலை நீங்கள் ஒரு முறை திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். அந்தப் பெண் "எட்டரைக்குத்தானே?" என்று தனக்குத் தெரிந்த ஜெர்மனில் திருப்பிச் சொல்லியிருந்தால், ஆசிரியை அந்த இடத்திலேயே திருத்தியிருப்பார்.

இதில் மதிப்பெண்ணும் அடங்கியிருக்கிறது. ஜெர்மன் பள்ளிகளில் எழுத்துத் தேர்வு மட்டும் கணக்கில்லை. வகுப்பில் கை தூக்கிப் பேசுவதற்கும் கேட்பதற்கும் மதிப்பெண்ணில் கணிசமான பங்கு உண்டு. அடக்கமாக, வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இங்கே நல்ல பெயர் கிடைக்கும். அங்கே பாடத்தில் அக்கறையில்லாத பிள்ளை என்று எழுதிவிடுவார்கள்.

அவர்கள் ஆங்கிலத்தில் பதில் சொன்னால்

நீங்கள் ஜெர்மனிலேயே தொடருங்கள்.

சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்வது

மேசை என்ற சொல்லை "டிஷ்" என்று மட்டும் நோட்டில் எழுதுகிறார்கள். "டேர் டிஷ்" என்று எழுத வேண்டும். டேர், டீ, டாஸ் என்ற மூன்றும் ஆண்பால், பெண்பால், பொதுப்பால். தமிழில் மேசை, கதவு, புத்தகம் எல்லாம் அஃறிணை என்று தள்ளிவிடலாம். ஜெர்மனில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பால் உண்டு. சிறுமியைக் குறிக்கும் "மேட்ஷென்" பொதுப்பால். ஏன் என்று கோபப்பட்டுப் பயனில்லை. "ஷென்" என்று முடிந்தால் பொதுப்பால், "உங்" என்று முடியும் பெயர்கள் பெரும்பாலும் பெண்பால் என்பதுபோலச் சில அடையாளங்கள் உண்டு, பிடித்துக்கொள்ளுங்கள்.

பால் தெரியாவிட்டால் வேற்றுமையும் வராது. நாம் "அண்ணன்" என்ற சொல்லின் கடைசியில் உருபைச் சேர்த்து அண்ணனை, அண்ணனுக்கு என்கிறோம். ஜெர்மனில் பெரும்பாலும் முன்னால் நிற்கும் டேர்தான் டேன் என்றும் டேம் என்றும் மாறும். அந்த முன்சொல்லையே படிக்காத பிள்ளைக்கு வேற்றுமை நிற்க இடம் ஏது? நம் பிள்ளைகள் இதற்கு அஞ்சவே வேண்டாம். எட்டு வேற்றுமை படித்தவர்களுக்கு அங்கே நான்குதான். ஜெர்மானிய மதபோதகரான ரேனியஸ் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து, நம் எட்டு வேற்றுமையோடும் மல்லுக்கட்டி, 1834இல் தமிழுக்கு இலக்கண நூலே வெளியிட்டார்.

புத்தக ஜெர்மன் மட்டும் போதும் என்று நினைப்பது

வட்டார வழக்கு பேசும் தென் ஜெர்மனிப் பகுதிகளான பவேரியாவிலோ ஸ்வாபியாவிலோ இடம் கிடைத்தால், முதல் சில வாரங்கள் வீட்டில் பேசுவது ஒன்றும் பிடிபடாது. புத்தகத் தமிழ் மட்டும் படித்தவர் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் வந்து நிற்பதுபோலத்தான். நீங்கள் படித்தது தவறில்லை. வகுப்பில் அதுதான் நடக்கும். வீட்டுப் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டே இருங்கள். அதைப்போலப் பேசிக்காட்ட அவசரப்படாதீர்கள்.

மதிப்பெண்

1 உச்சம், 6 அடிமட்டம். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள்.

அம்மாவின் தொலைபேசி அழைப்பு

இதைச் சொன்னால் தாய்மார்களுக்கு வருத்தம் வரும், ஆனாலும் சொல்கிறேன். சாப்பாடு முடிந்து, அடுப்படியை ஒதுக்கிவிட்டு அம்மா தொலைபேசியை எடுப்பது இரவு பத்து மணிக்கு. கோடையில் நமக்கும் ஜெர்மனிக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். அங்கே மாலை ஆறரை. பல வீடுகளில் குடும்பமே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ரொட்டியும் பாலாடைக்கட்டியுமாக இரவு உணவு சாப்பிடும் நேரம் அது. அன்றைக்கு நடந்ததை ஆளாளுக்குப் பேசுவார்கள். வகுப்பில் வராத சொற்களெல்லாம் அந்த மேசையில்தான் வரும். நம் பிள்ளை அந்த நேரத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு திருநெல்வேலிச் செய்தி கேட்கிறது.

பள்ளி விட்டு வந்ததும், அங்கே நான்கு மணிக்கு, பிள்ளையே அழைக்கட்டும். இங்கே இரவு ஏழரை இருக்கும். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்புவார்கள். அதிலிருந்து மார்ச் கடைசி ஞாயிறு வரை வித்தியாசம் நாலரை மணி நேரம். அழைப்பு எட்டரைக்கு வரும்.