விரும்பியவரைப் பற்றி வீட்டில் சொல்வதற்கு முன்

மட்டக்களப்பில் ஒருவரோடு பழகத் தொடங்கினால் முதலில் கேட்க வேண்டியது குடி, அதாவது தாய்வழி வரும் குலம். ஒரே குடியென்றால் அண்ணன் தங்கை முறை. இரண்டு வருசம் பழகிய பிறகு தெரியவந்தால் பேச்சே நின்றுவிடும், சாதகம் பார்க்கும் இடத்துக்கே போகாது. அவருடைய அம்மம்மா என்ன குடி, எந்த ஊர் என்று நேரே கேளுங்கள்.

சந்திப்பதென்றால் பகலில், காந்தி பூங்கா மாதிரி ஆள்நடமாட்டமுள்ள இடத்தில். ஒரு சிநேகிதிக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். படத்தை வைத்து மிரட்டினால் எதையும் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பெண்களுக்கான உதவி இலக்கமான 1938க்கு அழையுங்கள். வெட்கப்பட வேண்டியது நீங்களில்லை.

வீட்டில் முதலில் அம்மாவிடம், பிறகு மாமாவிடம். வெளியாள் வாயால் அப்பாவுக்குப் போனால்தான் குழம்பும்.

சீதன வீட்டு உறுதியை (பத்திரத்தை) உங்கள் பெயரில் மட்டும் எழுதுவியுங்கள். ‘ரெண்டு பேர் பேரிலும் எழுதுவம்’ என்றால் பாதி கணவருக்கு. இங்கே உங்கள் காணியை விற்கக் கணவரின் சம்மதம் தேவையில்லை. ஆனால் தேசவழமை என்ற யாழ்ப்பாண வழக்கச் சட்டத்துக்கு உட்பட்டவரை முடித்தால் அவருடைய எழுத்துச் சம்மதம் வேண்டும்.

பொதுச் சட்டப்படி கலியாணத்தைப் பதிவு செய்ய இருவருக்கும் 18 நிறைந்திருக்க வேண்டும். பதிவாளரிடம் திருமண அறிவித்தல் கொடுத்து 12 நாள் காத்திருக்க வேண்டும். வேறு வேறு பதிவாளர் பிரிவென்றால் இருவரும் தனித்தனியே கொடுக்க வேண்டும்.