கிட் காருக்குள் சூடும் சத்தமும்

கிட் கார் என்றால் பாகங்களாக வாங்கி நாமே கோத்துக் கட்டும் வண்டி. அதற்குள் வரும் சூட்டையும் சத்தத்தையும் அடக்க ஷீட் கேட்டபோது, பெங்களூரு ஜே.சி. ரோட்டில் கடைக்காரர் முதலில் நீட்டியது தார் ஷீட். மலிவுதான். நானே கோத்துக் கட்டிய வண்டியில் இன்ஜின் தடுப்புச் சுவரில் அதை ஒட்டினேன். ஓசூர் ரோடு நெரிசலில் ஒரு மதியம் நின்றதும் இளகி நாற ஆரம்பித்துவிட்டது. பியூட்டைல் என்னும் ரப்பர் ஷீட்டே வாங்குங்கள், 2 மி.மீ. போதும். தகரத்தை முழுக்க மூட வேண்டாம். தட்டிப் பாருங்கள், டங்கென்று அதிரும் இடத்தில் கால்வாசி ஒட்டினாலே அடங்கும். ஒட்டுமுன் ஸ்பிரிட்டால் பிசுக்கைத் துடைத்து, ரோலரால் அழுத்துங்கள்.

பியூட்டைல் அதிர்வுக்குத்தான். சூட்டுக்கு அதன்மேல் குளோஸ்டு செல் ஃபோம், அதாவது தண்ணீர் ஊறாத மூடிய குமிழ் நுரை. மெத்தை ஸ்பாஞ்சு வேண்டவே வேண்டாம், மழைநீரைக் குடித்துத் தரையைத் துருப்பிடிக்க வைக்கும். சைலன்சர் குழாய்க்கு மேலே மட்டும் அலுமினியத் தகடு, நடுவே விரலளவு காற்று இடைவெளி விட்டு. அப்புறம், கியர் லிவர் ஓட்டையை அடைத்துவிடுங்கள். எனக்குப் பாதிச் சத்தம் அந்த வழியாகத்தான் வந்தது.