வேட்டைக்கு லேசான அம்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன தீபாவளிக்கு மெல்பர்னிலிருந்து வந்திருந்த என் அக்கா மகன், ஒரு டஜன் புது அம்புகளைக் கொண்டுவந்து காட்டினான். கார்பன் தண்டு, மூன்று இறகு, நுனியில் 100 கிரெய்ன், அதாவது ஆறரை கிராம் முனை. "லேசா இருந்தாத்தான் மாமா வேகமாப் போகும்" என்றான். அடுத்த மாதம் விக்டோரியா மாநிலக் காட்டில் சம்பர் மான் வேட்டைக்குப் போவதாக ஏற்பாடு. நான் ஓர் அம்பை எடுத்துக்கொண்டு, மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் தெரிந்த நகைக்கடைக்கு அவனைக் கூட்டிப் போனேன். பத்தர் தராசில் ஒரு சின்னக் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, அதன் மேல் அம்பைக் குறுக்கே கிடத்தினார். ஆடி அடங்கியதும் 21.4 கிராம் காட்டியது. "மூணு பவுன்கூட இல்லையே" என்றார்.

விக்டோரியாவில் சம்பர் மானை வில்லால் வேட்டையாட, முனையோடு சேர்த்து அம்பு குறைந்தது 26 கிராம் இருக்க வேண்டும். அது 400 கிரெய்ன். வில்லின் இழுவிசையும் 22.5 கிலோவுக்கு, அதாவது 50 பவுண்டுக்குக் குறையக் கூடாது. இவன் கையில் இருந்ததோ 330 கிரெய்ன். காட்டுக்குள் கால் வைக்கும் முன்பே சட்டத்தில் தோற்றுவிட்டான்.

ஆக, முதல் தவறு எடை போடாமல் வாங்குவது. பெட்டியில் அச்சடித்திருப்பது வெறும் தண்டின் எடை, அதுவும் ஓர் அங்குலத்துக்கு இத்தனை கிரெய்ன் என்ற கணக்கு. முனை, அது திருகும் உட்செருகி, நாணில் மாட்டும் நாக், இறகு, பசை எல்லாம் சேர்ந்ததுதான் அம்பு. நகைக்கடைத் தராசு போதும். கிராமை 15.43 ஆல் பெருக்கினால் கிரெய்ன் வந்துவிடும்.

அடுத்தது வில்லில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்புவது. வில்லில் 50 என்று போட்டிருந்தால், 28 அங்குலம் இழுத்தால் 50 பவுண்டு என்று அர்த்தம். நம் ஆட்களில் பலருக்கு இழுப்பு 26, 27 அங்குலத்தோடு நின்றுவிடும். ஓர் அங்குலம் குறைந்தால் இரண்டு மூன்று பவுண்டு போய்விடும். என் மருமகனுக்கு இழுப்பு 26.5 அங்குலம். அவன் விரலில் உண்மையில் விழுவது 46 பவுண்டு. சட்டம் கேட்கும் 50க்கு இதுவும் குறைவு, சம்பரைத் தேடிப் போகும் முன் இதையும் அவன் சரிசெய்தாக வேண்டும். தராசுக் கொக்கியில் வில்லை மாட்டி, தன் இழுப்பு அளவுக்கு இழுத்துப் பார்த்துத்தான் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த இரண்டு எண்ணும் கிடைத்தால் மீதி வகுத்தல் கணக்குதான். 330ஐ 46 ஆல் வகுத்தால் ஒரு பவுண்டுக்கு 7 கிரெய்ன் சொச்சம். மரபு வில்லுக்கு 8க்குக் கீழே நான் போகவே மாட்டேன். பெரிய விலங்கு என்றால் 9, 10 வேண்டும். லேசான அம்புதான் வேண்டும் என்று யாராவது பிடிவாதமாகக் கேட்டால், என் கணக்கில் லேசு என்பது அந்த 9தான்.

அப்படியானால் 5, 6 கிரெய்ன் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? யூடியூப்பில் காம்பவுண்ட் வில்காரர்கள் சொல்வது அது. கப்பி வைத்த 70 பவுண்டு வில்லில் 350 கிரெய்ன் அம்பு விநாடிக்கு 90 மீட்டர் வேகத்தில் போகும். அதே அம்பை 45 பவுண்டு இழுக்கும், கப்பி இல்லாமல் நுனி வெளிப்பக்கம் வளைந்த சாதாரண ரிகர்வ் வில்லில் விட்டால் ஏறக்குறைய 56 மீட்டர்தான். காம்பவுண்ட் அம்பில் இருக்கும் ஆற்றல் இதைப்போல் இரண்டரை மடங்கு. அவர்கள் கணக்கை நம் வில்லுக்குத் தூக்கிவருவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

வேகத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், எல்லாரும் மயங்குவது அங்கேதான். நாண் சத்தம் கேட்டதும் மான் சட்டென்று உடம்பைத் தாழ்த்தும், அதற்குள் அம்பு போய்ச் சேர வேண்டும் என்பது லேசான அம்பு கேட்பவர்களின் வாதம். சரி, கணக்குப் போடுவோம். அதே 45 பவுண்டு வில்லில் 500 கிரெய்ன் அம்பு சுமாராக விநாடிக்கு 50 மீட்டர் போகும். மான் 18 மீட்டர் தள்ளி நிற்கிறது. லேசான அம்பு 0.32 விநாடியில் சேரும், கனமானது 0.36 விநாடியில். சத்தமோ 0.05 விநாடியிலேயே மானின் காதுக்குப் போய்விடும். எந்த அம்பை விட்டாலும் மானுக்குக் கால் விநாடிக்கு மேல் கையில் இருக்கிறது. அந்த 0.04 விநாடிக்காக அம்பைச் சன்னமாக்கினால் வில்லின் சத்தம்தான் கூடும். கனமான அம்பில் வில் அடங்கிப் பேசும், லேசான அம்பில் கத்தும். மான் பயப்படுவது அந்தக் கத்தலுக்கு.

அப்புறம் உள்ளே பாயும் வலு. மேலே சொன்ன இரண்டு அம்பில், 22.7 கிராம் அம்பு சுமக்கும் ஆற்றல் 36 ஜூல், 32.4 கிராம் அம்பு சுமப்பது 40 ஜூல். வில் ஒன்றுதான், இழுப்பும் ஒன்றுதான். கனமான அம்பு வில்லில் இருப்பதை அதிகமாக வாங்கிக்கொண்டு போகிறது. எடையையும் வேகத்தையும் பெருக்கிவரும் உந்தத்தைப் பார்த்தால் வித்தியாசம் கால் பங்குக்கும் மேல். தோலைக் கிழித்து, விலா எலும்பைத் தாண்டி, நுரையீரல் இரண்டையும் துளைத்து மறுபக்கம் வெளியே வருவதற்கு இந்த உந்தம்தான் துணை. இருபக்கமும் துளை விழுந்தால் மான் சில விநாடியில் சாய்ந்துவிடும், ரத்தத் தடமும் தெளிவாகக் கிடைக்கும். அம்பு பாதியில் நின்றுவிட்டால் அது காட்டுக்குள் ஓடி, எங்கேயோ நாள்கணக்கில் துடித்துச் சாகும். இந்த ஒரு காரணத்துக்காகத்தான் நான் இவ்வளவும் எழுதுகிறேன்.

லேசான அம்பு சரியும் அளவு குறைவு என்பது உண்மை. 18 மீட்டரில் இரண்டுக்கும் சுமார் 13 சென்டிமீட்டர் வித்தியாசம். ஒரு மாதம் ஒரே அம்பில் பழகினால் கண் அதைத் தானாகச் சரிசெய்துகொள்ளும். அந்த 13 சென்டிமீட்டர் பெரிய தொந்தரவாகத் தெரிந்தால், நீங்கள் நிற்கும் தூரம்தான் அதிகம்.

வில்லுக்கும் கேடு உண்டு. கசக்கிய காகித உருண்டையை முழு பலத்தோடு எறிந்து பாருங்கள், தோள் வெட்டிக்கொள்ளும். அம்பு வாங்கிக்கொள்ளாத மீதி ஆற்றல் வில்லின் இரு கைகளுக்கும் உங்கள் மணிக்கட்டுக்கும் திரும்புகிறது. தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச அம்பு எடையைப் படித்துவிட்டே அம்பு வாங்குங்கள்.

எடை கூட்ட வேண்டும் என்று புரிந்தவர்களும் ஓரிடத்தில் சறுக்குகிறார்கள். மருமகனின் அம்பில் பித்தளை உட்செருகியும் 175 கிரெய்ன் முனையும் மாட்டினோம். எடை 435 கிரெய்ன் ஆனது. தோட்டத்துத் திடலில் வைக்கோல் மூட்டைக்கு எதிரே நின்று, இறகில்லாத அம்பு ஒன்றை விடச் சொன்னேன். அவன் வலக்கைக்காரன். அம்பு வளைந்து நெளிந்து, இறகு வைத்த அம்புகளுக்கு ஒரு சாண் வலப்பக்கம் போய்க் குத்தியது. தண்டு தொய்கிறது என்பதற்கு அடையாளம் அது. நுனியில் கனம் ஏறினால் தண்டு அதிகமாக வளையும். அதைத் தாங்கும் விறைப்பு, நாம் ஸ்பைன் என்று சொல்வது, வேண்டும். 28 அங்குல இடைவெளியில் தாங்கிய தண்டின் நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டு, எத்தனை அங்குலம் தாழ்கிறது என்று பார்ப்பதுதான் அந்த எண். 600 என்றால் 0.6 அங்குலம், எண் குறையக் குறைய விறைப்பு அதிகம். 600 தண்டை விட்டுவிட்டு 500க்குப் போனோம். எடை 29.5 கிராம், அதாவது 455 கிரெய்ன், பவுண்டுக்கு 9.9. இறகில்லாத அம்பும் மற்றவற்றோடு சேர்ந்து விழுந்தது. வளைந்து பறக்கும் அம்பு எவ்வளவு கனமாக இருந்தாலும் பக்கவாட்டில் மோதி வலுவை இழந்துவிடும்.

முனையில் விரியும் கத்தி வைத்த வகை நமக்கு வேண்டாம். விரிவதற்கே ஆற்றல் செலவாகும், நம் வில்லில் அதற்கு மிச்சம் இல்லை. அசையாத இரண்டு அலகு போதும். கூர் விஷயத்தில், விடியற்காலை ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டப் போகும் முன் என் அம்மா கத்தியைத் தீட்டும் அழகைப் பார்த்து வளர்ந்தவன் நான். மழுங்கிய கத்தி பட்டையைப் பிய்க்கும், தீட்டிய கத்தி சீவும். முன்கை மயிரை மழிக்காத முனையை அம்பறாத்தூணியில் வைக்காதீர்கள்.

சட்டம் சொல்லும் 26 கிராமை எட்டிவிட்டால் எங்கே வேண்டுமானாலும் அடிக்கலாம் என்று நினைப்பதும் தவறுதான். சம்பர் ஆண் 200 கிலோவைத் தாண்டும், தோள் எலும்பு கெட்டி. தென்னாப்பிரிக்காவின் நட்டாலிலும் அப்புறம் ஆஸ்திரேலியாவிலும் அம்பு பாய்வதைப் பல ஆண்டு ஆராய்ந்த எட் ஆஷ்பி, பெரிய எலும்பைப் பிளக்க 650 கிரெய்ன் வேண்டும் என்கிறார். 46 பவுண்டு வில்லுக்கு அது அதிக பாரம். ஆகவே மான் பக்கவாட்டிலோ, சற்று விலகித் திரும்பியோ நிற்கும்போது மட்டும் தோளுக்குப் பின்னே விடுங்கள். நேருக்கு நேர் நின்றால் வில்லை இறக்கிவிடுங்கள்.

இந்தச் சம்பர்தான் மலேசியாவில் நாங்கள் ருசா என்று சொல்லும் காட்டு மான். ஆஸ்திரேலியாவுக்கு அது 1860களில் கொண்டுபோகப்பட்டது. இங்கே ருசா வேட்டைக்கு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் பல ஆண்டுகளாகத் தடை வைத்திருக்கிறது, எங்களுக்கு வைக்கோல் மூட்டைதான்.

கார்பன் தண்டைப் பற்றி ஒன்று. சன்னச் சுவர் கொண்ட லேசான தண்டு சுலபமாக விரிசல் விடும், கண்ணுக்குத் தெரியாது. விடும் முன் இரு நுனியையும் பிடித்து மெல்ல வளைத்து, காதருகே வைத்துக் கேளுங்கள். நொறுங்கும் சத்தம் வந்தால் முறித்துப் போடுங்கள். நாணை விடும்போது அது பிளந்தால் சிம்பு முழுவதும் வில் பிடித்த கைக்குள் ஏறும். மருமகன் ஊருக்குக் கிளம்பும் முன் பன்னிரண்டையும் அப்படி வளைத்துப் பார்த்தோம். ஒன்றில் லேசாக ஒரு சத்தம் கேட்டது. பதினொன்றோடு போனான்.